உயிரெழுத்தின் மேல் ஒரு புள்ளி

பாறைமேட்டுப்பட்டு ஏரியைத் தூர் வாரியபோது, கரையோரம் ஜேசிபி மண்ணைப் புரட்டிய இடத்தில் ஒரு பாறை தலைகாட்டியது. அதன் சரிந்த முகத்தில் நான்கு வரி எழுத்து இருந்தது. யாரோ ஒரு வாத்தியார் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி வெட்டிப் போட்டிருக்கிறார் என்றுதான் ஊர்க்காரர்கள் நினைத்தார்கள். நான்கு வரியிலும் வெறும் உயிரெழுத்துதான். ஆ, ஈ, ஊ, ஏ, ஐ, ஓ, ஔ. அதுவும் வரிசையாக இல்லை. ஐயிலிருந்து ஏக்கு இறங்கி, மறுபடி ஐக்கு ஏறி, ஓ வரை போய், சொல்லாமல் கொள்ளாமல் ஆவுக்குத் திரும்பியிருந்தது. போதாக்குறைக்குச் சில எழுத்துகளின் தலையில் புள்ளி.

உயிரெழுத்துக்கு யாராவது புள்ளி வைப்பார்களா?

இந்தக் கேள்வியோடு அந்தக் கல்லின் படத்தைச் சினேகாவிடம் காட்டினார் பலராமன். அவர் விலங்கியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். திருவண்ணாமலையில் ஒரு வரலாற்று வட்டம் நடத்துகிறார். சினேகா கல்வெட்டு படிக்கப் பயின்றவள், அந்த வட்டத்திலேயே வயதில் இளையவள். அவள் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "சார், இதுல குறில் ஒண்ணுகூட இல்ல, கவனிச்சீங்களா?" என்றாள். "ஏழும் நெடில். ஏழு சுரத்துக்கு ஏழு நெடிலை எழுத்தா வெக்கிற வழக்கம் பழைய நிகண்டுல இருக்கு. இது பாடம் இல்ல சார். பாட்டு."

அன்றைக்குப் போன தூக்கம் பலராமனுக்குத் திரும்பவே இல்லை. மறுநாள் காலையில் சினேகாவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு நேராக அருணாதேவி வீட்டுக்கு வந்து நின்றார்.

அருணாதேவி பெண்கள் பள்ளியில் இசை ஆசிரியை. நெல்லும் மணிலாக் கடலையும் போடுகிற குடும்பத்தில் பிறந்து, அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக வீணையைத் தொட்டவள். நாற்பத்து மூன்று வயதாகிறது. கோயில் விழாக்களிலும் கல்யாண வரவேற்புகளிலும் வாசித்துப் பெயர் எடுத்திருந்தாள். சொல்லிக்கொடுத்ததை ஒரு இழை பிசகாமல் வாசிப்பாள் என்பதுதான் அவளைப் பற்றி எல்லோரும் சொல்வது. அதை அவளும் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தாள்.

சினேகா நெடில்களைச் சுரமாக மாற்றி எழுதிய தாளை நீட்டினாள். ஆ என்றால் ச, ஈ என்றால் ரி, அப்படியே போய் ஔ என்றால் நி.

"இதுவே என்னோட ஊகம்தான் டீச்சர்," என்றாள். "ஆவை எந்த சுரமா வெக்கிறதுன்னு இன்னும் சண்டை போட்டுட்டிருக்காங்க. நாம இப்படி ஆரம்பிப்போம்."

அருணாதேவி வீணையை மடியில் எடுத்து, முதல் வரியை வாசித்தாள். இரண்டாவது வரியையும் வாசித்தாள். பலராமனின் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. உப்புச் சப்பில்லாமல் இருந்தது. வீணை கற்க வந்த முதல் மாதத்துப் பிள்ளை வீட்டுப்பாடம் ஒப்பிப்பது போல டங், டங் என்று ஒவ்வொரு சுரமாக விழுந்தது.

"இவ்ளோதானா?" என்றார் பலராமன், ஏதோ கல்லே தன்னை ஏமாற்றிவிட்டது போல.

அருணாதேவிக்குச் சங்கடமாகிவிட்டது. "இருங்க சார்" என்று சொல்லி, அதே சுரங்களை ஹரிகாம்போதி ராகத்தில் வைத்து, இங்கே ஒரு அசைவு, அங்கே ஒரு இழுப்பு, வரி முடிகிற இடத்தில் ஒரு சுழிப்பு என்று தன் கைக்குப் பழகியபடி வாசித்தாள். உடனே அறையே மாறிவிட்டது. பலராமன் எழுந்தே நின்றுவிட்டார்.

"இதேதான் டீச்சர்! இதத்தான் அந்தக் காலத்துல வாசிச்சிருக்காங்க. நம்ம ஆண்டு விழாவுல நீங்க இத வாசிக்கணும். ஆடி கடைசி ஞாயித்துக்கெழமை."

அவர்கள் போன பிறகும் அருணாதேவி வீணையைக் கீழே வைக்கவில்லை. பலராமன் எழுந்து நின்றது எதற்காக என்று யோசித்தாள். அந்த அசைவு அவளுடைய குருவுடையது. இழுப்பு இசைப்பள்ளியில் படித்தது. சுழிப்பு ரேடியோவில் கேட்டுப் பிடித்தது. இதில் கல் சொன்னது எது? புள்ளிகளை அவள் கண்டுகொள்ளவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அத்தனை கடினமான பாறையில் உளியை வைத்து ஒருவன் வேலை மெனக்கெட்டுப் புள்ளி குத்தியிருக்கிறான். சும்மா குத்தியிருப்பானா?

மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்தே சினேகாவுக்குப் போன் செய்தாள்.

"அதான் டீச்சர் எனக்கும் மண்டைக் குடைச்சல்," என்றாள் சினேகா. "பழைய கல்வெட்டுல மெய்யெழுத்துக்கே பெரும்பாலும் புள்ளி வெக்க மாட்டாங்க. படிக்கிறவன் பாத்துக்குவான்னு விட்டுடுவாங்க. இவன் உயிரெழுத்துக்கு வெச்சிருக்கான். ஒரே ஒரு துப்பு இருக்கு. பழைய இலக்கணத்துல எகரமும் ஒகரமும் குறில்னு காட்டறதுக்கு அது மேல புள்ளி வெக்கச் சொல்லியிருக்கு. அந்தப் பழக்கத்த இவன் ஏழு எழுத்துக்கும் இழுத்துக்கிட்டானோ என்னவோ."

"அப்போ புள்ளி வெச்ச சுரம் குட்டையா ஒலிக்கணும்."

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

குட்டையாக வாசித்துப் பார்த்தாள். வீணையில் ஒரு சிக்கல் இருந்தது. மீட்டிய சுரம் அடுத்த சுரத்தை மீட்டும்போது தானாகவே நின்றுவிடும். ஒரே தந்தியில்தான் எல்லாம் நடக்கிறது. எனவே குட்டைக்கும் நெட்டைக்கும் காதில் பெரிய வித்தியாசம் விழவில்லை. இந்தக் கருவிக்காக எழுதியதுதானா இது என்ற சந்தேகம் முதல்முதலாக அப்போது வந்தது.

சந்தேகம் வந்தவள் சும்மா இருப்பாளா? வேறு வாத்தியம் வாசிக்கிறவர் யாரென்று பலராமனிடம் கேட்டு, செழியனைத் தேடிப் போனாள். செழியன் வேங்கிக்காலில் ஒரு அரசு அலுவலகத்தில் உதவியாளர். கூத்துக் காலம் வந்தால் ஒரு ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், முகவீணை வாசிப்பான். முகவீணை பெயரில்தான் வீணை. ஒரு முழத்துக்கும் குறைவான குழல், முனையில் சீவாளி என்கிற நாணல் துண்டை வைத்து ஊதுவது. நாதஸ்வரத்தின் தம்பி என்று சொல்லலாம், ஆனால் அண்ணனைவிடத் தம்பிக்குக் குரல் கூர்மை. கூத்துக்காரன் பாட, அவன் பின்னாலேயே இது ஒட்டிக்கொண்டு போகும்.

மதிய உணவு இடைவேளையில் அலுவலகக் கேண்டீனில் தாளை விரித்தாள். செழியன் தயிர்சாதத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் படித்தான்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. கல்லு எங்க கெடந்துது?"

"ஏரிக்கரையில."

"திறந்த வெளி. காத்து. தண்ணி சத்தம். அங்க போய் வீணைய வெச்சு வாசிச்சா கொசு கத்தற மாதிரி இருக்கும். இது ஊதற வாத்தியத்துக்கு எழுதினது. புள்ளின்னா நாக்கு வெட்டு." 'துத்' என்று வாயால் செய்து காட்டினான். "சீவாளில நாக்க வெச்சு காத்த வெட்டணும். அவ்ளோதான்."

"அவ்ளோதான்னு எப்படிப்பா சொல்ற? உன்கிட்ட கொழல் இருக்குது, அதனால உனக்கு அது நாக்கு வெட்டா தெரியுது."

"உங்ககிட்ட வீணை இருக்குது, உங்களுக்கு எல்லாமே கமகம், அசைவுன்னு தெரியுது," என்று சிரித்தான் செழியன்.

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, அப்போ ரெண்டு பேரும் போய் கல்லையே பாத்துடலாம். போட்டோவ வெச்சிக்கிட்டு எதுக்கு அடிச்சிக்கணும்?"

சனிக்கிழமை காலையில் நான்கு பேரும் பாறைமேட்டுப்பட்டுக்குப் போனார்கள். ஏரியில் நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. மீதி இடமெல்லாம் வெடித்த சேறு. பாறையின் முகத்தில் எழுத்துகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. படம் தெளிவாக விழ வேண்டும் என்று பலராமன் சாக்கட்டியைப் பொடி செய்து பூசியிருந்தார்.

"சார், கல்வெட்டு மேல எதையும் பூசக் கூடாதுன்னு எத்தனவாட்டி சொல்லியிருக்கேன்," என்று சினேகா தலையில் கை வைத்துக்கொண்டாள். பலராமன் ஏரியின் மறுகரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சினேகா தண்ணீர் ஊற்றி, மெல்லிய பிரஷ்ஷால் பொடியைத் துடைத்தாள். ஈரம் காய்வதற்கு முன்பே அருணாதேவி முதல் வரியை விரலால் தடவினாள். வீணைத் தந்தியில் காய்ப்பு ஏறிய விரல் அது. ஆனாலும் தந்தியின் மெலிசான மேடு பள்ளம்கூட அதற்குத் தெரியும். முதல் புள்ளி வட்டமாக, உள்ளே வழவழப்பாக இருந்தது. அடுத்தது அப்படி இல்லை. ஓரம் பிசிறாக, சாய்வாக, ஆழம் இல்லாமல் இருந்தது.

"சினேகா, இத தொட்டுப் பாரு. இது உளி இல்ல. கல்லு தானா பொரிஞ்சிருக்குது."

சினேகா தொட்டாள். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள். பிறகு தாளில் அந்தப் புள்ளியை அடித்தாள். செழியனும் மண்டிபோட்டு உட்கார்ந்தான். ஒவ்வொரு புள்ளியையும் மூன்று பேரும் தனித்தனியே தொட்டு, மூன்று பேரும் ஒத்துக்கொண்டால்தான் கணக்கில் சேர்ப்பது என்று வைத்துக்கொண்டார்கள். வெயில் ஏறி, பாறை சுட ஆரம்பிக்கிற வரை இந்த வேலை நடந்தது. கடைசியில் தாளிலிருந்த புள்ளிகளில் பாதிக்குப் பக்கம் போய்விட்டது. அவையெல்லாம் இயற்கையான பள்ளங்கள். சாக்பொடி அவற்றையும் எழுத்தாக்கிவிட்டிருந்தது.

மிச்சமிருந்த புள்ளிகளுக்கு இப்போது ஒரு ஒழுங்கு தெரிந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக இல்லாமல், இடைவெளி விட்டு வெட்டியிருந்த ஒவ்வொரு துண்டின் கடைசியிலும் இரண்டு மூன்றாகச் சேர்ந்து உட்கார்ந்திருந்தன.

அருணாதேவிக்கு அந்தத் தாளைப் பார்க்கப் பார்க்க உள்ளே என்னவோ துள்ளியது. இருபத்தைந்து வருஷமாக வாசிக்கிறாள். ஒரு சுரம் எங்கே நிற்க வேண்டும், எங்கே அசைய வேண்டும் என்று அவள் தானாக முடிவு செய்ததே இல்லை. யாரோ முடிவு செய்ததைக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். இந்தக் கல்லுக்கு முன்னால் அப்படிக் கைகாட்ட யாரும் இல்லை. பயமாகவும் இருந்தது. ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் வாயை மூடாமல் பேசிக்கொண்டே வந்ததும் அவள்தான்.

"ஒவ்வொரு சுரமும் தானா ஒலிச்சிட்டே இருக்கணும். நாமளா நிறுத்தினாத்தான் நிக்கணும். அப்படி ஒரு வாத்தியம் வேணும் சார். அப்பதான் புள்ளிக்கு வேலை."

"யாழ்," என்றார் பலராமன் வண்டியை ஓட்டிக்கொண்டே. "ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு நரம்பு. அடி அண்ணாமலையில சகாதேவன்னு ஒருத்தர் செஞ்சி வெச்சிருக்காரு. கட்டடத்துக்கு பிளான் போடறவரு. சிற்பத்தையெல்லாம் அளந்து அளந்து ஒண்ணு செஞ்சாரு. வாசிக்கத்தான் ஆள் இல்ல."

பௌர்ணமி கழிந்து, கிரிவலப் பாதையில் கூட்டம் வடிந்த பிறகு அடி அண்ணாமலைக்குப் போனார்கள். சகாதேவன் வீட்டின் பின்கட்டில், துணி போர்த்தி யாழ் இருந்தது. பலா மரத்தைக் குடைந்து செய்த படகு போன்ற உடம்பு, அதன் மேல் ஆட்டுத் தோல், ஒரு முனையிலிருந்து வில் மாதிரி வளைந்து எழும் தண்டு. தண்டுக்கும் உடம்புக்கும் நடுவே நரம்புகள்.

"சிற்பத்துல வளைவு தெரியும், எத்தன நரம்புன்னு எண்ணிக்கலாம்," என்றார் சகாதேவன். "எதால செஞ்ச நரம்புன்னு கல்லுல எப்படித் தெரியும்? முதல்ல ஸ்டீல் போட்டேன். சைக்கிள் மணி மாதிரி இருந்தது. நைலான் போட்டேன், செத்த சத்தம். அப்புறந்தான் யோசிச்சேன். நாம ஏன் அத நரம்புன்னு சொல்றோம்? பேர்லயே இருக்குதே. ஆட்டுக் குடல்ல முறுக்கின நரம்பு வாங்கிப் போட்டேன்."

"அது சரின்னு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டாள் சினேகா.

"தெரியாதும்மா. ஆனா இது பாடுது."

அருணாதேவி யாழை மடியில் சாய்த்துக்கொண்டாள். சுருதி கூட்டப் போனவள் கையை அப்படியே நிறுத்தினாள். வீணையில் மெட்டுகள் இருக்கும். எந்த இடத்தில் விரலை வைத்தால் எந்த சுரம் என்று செய்தவரே முடிவு செய்து கொடுத்துவிடுவார். இங்கே மெட்டு இல்லை. இரண்டாவது நரம்பு பெரிய ரியா சின்ன ரியா, மூன்றாவது எந்த கா என்று வாசிப்பதற்கு முன்பே அவள்தான் தீர்மானிக்க வேண்டும். கல்லோ அதைச் சொல்லவில்லை.

ஹரிகாம்போதிக்கே கூட்டினாள். பழைய தமிழ்ப் பண்களுக்கெல்லாம் அடிப்படையான சுர வரிசை ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும் என்று சொல்கிறார்கள். அதையும் ஒரு ஊகம் என்று மனதில் குறித்துக்கொண்டு முதல் வரியைத் தொட்டாள்.

வீணையில் டங் டங் என்று தனித்தனியாக விழுந்த அதே சுரங்கள்தான். இங்கே ஒன்று மறைவதற்குள் அடுத்தது அதன் மேல் வந்து படர்ந்தது. ஐ ஒலித்துக்கொண்டிருக்கும்போதே ஏ, அதோடு ஓ. மூன்றும் கலந்து, அறைக்குள் தேன் கொட்டியது போல மெதுவாகப் பரவியது. ஒரு அசைவும் வேண்டியிருக்கவில்லை, சுழிப்பும் வேண்டியிருக்கவில்லை. செழியன் வாயைத் திறந்தவன் மூடவில்லை.

ஆனால் புள்ளி வந்த இடத்தில் அவள் தடுமாறினாள். மீட்டிய உடனே உள்ளங்கையால் நரம்பை அமுக்கி நிறுத்த வேண்டும். ஒன்றை நிறுத்தப் போனால் பக்கத்து நரம்பும் சேர்ந்து நின்றது. கணக்கு தவறியது. திரும்பத் திரும்ப முயன்றாள். உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம்.

"செழியா, நீ ஒண்ணு பண்ணு. புள்ளி வர்ற எடத்த மட்டும் நீ ஊதிக் காட்டு. எங்க வருதுன்னு என் காது பழகிக்கட்டும். அந்த எடத்துல நான் சும்மா இருக்கேன்."

செழியன் முகவீணையை எடுத்து ஊதினான். பின்கட்டு அதிர்ந்தது. யாழின் சத்தம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. சகாதேவன் காதைப் பொத்திக்கொண்டார்.

"தம்பி, வெளிய போயிடுப்பா. மாட்டுக் கொட்டாய் பக்கம் நின்னு ஊது."

செழியன் தாளை எடுத்துக்கொண்டு போனான். கொட்டகைக்கும் அந்தப் பக்கம், கொல்லையின் கடைசியில் நின்றுகொண்டு, "ஆரம்பிங்க அக்கா!" என்று கத்தினான்.

அவள் புள்ளி இல்லாத சுரங்களை மீட்டினாள். துண்டு முடிகிற இடத்தில் கையை எடுத்தாள்; பின்வாசலில் நின்ற சினேகா செழியனுக்குக் கைகாட்டினாள். தூரத்திலிருந்து, மெலிந்து, அவன் குழல் இரண்டே சுரம் சொன்னது. அவள் அடுத்த துண்டை மீட்டினாள். அவன் மூன்று சுரம் சொன்னான். மூன்றாவது துண்டுக்குப் பிறகு அவளுக்குப் பிடிபட்டது. இது பாடம் ஒப்பிப்பது இல்லை. இங்கிருந்து ஒருவர் ஏதோ கேட்கிறார். அங்கிருந்து ஒருவர் பதில் சொல்கிறார்.

நான்கு வரியும் முடிந்தன. செழியன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அக்கா, புள்ளின்னா எதிராளி! உனக்கில்லப்பா, அவனுக்குன்னு குறிச்சி வெச்சிருக்கான். ஏரிக்கு அந்தக் கரையில ஒருத்தன், இந்தக் கரையில ஒருத்தன்!"

"ரெண்டு பேருன்னு கல்லுல எங்க இருக்கு?" என்றாள் சினேகா. ஆனால் அவள் கண்ணும் விரிந்துதான் இருந்தது. "நல்லா இருக்குதுங்கறதால உண்மையாயிடாது. உங்க குழல் சத்தம் ஜாஸ்தியா இருந்தது, அதனால வெளிய போனீங்க. அதுலேருந்து வந்த யோசனை இது."

"நீ சொல்ற குறிலும் யோசனைதான?" என்றான் செழியன்.

"ஆமா. அதுவும் யோசனைதான்."

அந்த மாலை முழுக்க வாக்குவாதம் நடந்தது. யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கிளம்பும்போது அருணாதேவி ஒன்று மட்டும் சொன்னாள்: விழாவில் ஒரு வாசிப்பு இல்லை, மூன்று. வீணையில் ஹரிகாம்போதி அசைவுகளோடு ஒன்று, முகவீணையில் நாக்கு வெட்டோடு ஒன்று, யாழும் குழலும் கேள்வி பதிலாக ஒன்று. எது எந்த ஊகம் என்று சபையில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத்தான் வாசிப்பாள்.

பலராமனின் முகம் சுருங்கியது. "டீச்சர், பேனர் அடிச்சிட்டேனே."

பேனரில் 'ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய இசை, அன்று ஒலித்தபடியே!' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"அன்று ஒலித்தபடியேங்கறத எடுத்துடுங்க சார்."

"அதுக்குத்தான் டீச்சர் கூட்டமே வரும்."

"அப்போ நான் வரல," என்றாள் அருணாதேவி. இப்படி ஒரு வார்த்தையை இத்தனை வருஷத்தில் எந்த விழாக்காரரிடமும் அவள் சொன்னதில்லை. சொன்ன பிறகு அவளுக்கே வியப்பாக இருந்தது.

ஆடிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை, கலெக்டர் அலுவலகத்துக்குப் பக்கத்து மண்டபம் நிறைந்திருந்தது. பேனரின் கடைசி இரண்டு வார்த்தைகள் மேல் பழுப்பு நிற டேப் ஒட்டியிருந்தது. பலராமன் நாற்காலி மேல் ஏறி நின்று தன் கையாலேயே ஒட்டியிருந்தார். டேப்புக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் வந்தவர்களுக்குள் முதல் பேச்சு.

வீணைக்கு நல்ல கைதட்டல் கிடைத்தது. முகவீணைக்கு விசிலே பறந்தது. செழியனின் அலுவலகத்துக்காரர்கள் கடைசி வரிசையில் இருந்தார்கள். மூன்றாவதாக யாழை எடுத்து ஒரு நரம்பைத் தொட்டதும் அருணாதேவிக்குத் திக்கென்றது. ஏசி காற்றில் ஆட்டு நரம்பு சுருதி நழுவிவிட்டிருந்தது. கூட்டினாள், மறுபடி நழுவியது. மைக்கோ தோலின் அதிர்வைப் பிடித்து ஊளையிட்டது. சபையில் சலசலப்பு. சட்டென்று வீணையை எடுத்து எல்லோருக்கும் பிடித்ததாக எதையாவது வாசித்துச் சமாளித்துவிடலாம். கை அந்தப் பக்கம் போகக்கூடப் பார்த்தது.

"ஏசிய நிறுத்துங்க," என்றாள். "ஃபேனையும். மைக்கையும்."

மண்டபத்துக்காரர் பலராமனைப் பார்த்தார். பலராமன் ஒரு நொடி தயங்கிவிட்டு, தானே போய் சுவிட்சுகளை அணைத்தார்.

புழுக்கம் உடனே கவிந்தது. அழைப்பிதழ்கள் விசிறியாயின. அருணாதேவி அவசரப்படவில்லை, நரம்பு அந்தக் காற்றுக்குப் பழகும்வரை காத்திருந்து, ஒவ்வொன்றாகக் கூட்டினாள். பிறகு, "இந்த வாத்தியத்துக்குச் சத்தம் கம்மி. நீங்கதான் கொஞ்சம் கிட்ட வரணும்," என்றாள். நாற்காலிகள் நகர்ந்தன. சிலர் மேடைக்கு முன்னால் தரையிலேயே வந்து உட்கார்ந்தார்கள். விசிறுவது நின்றது. அழைப்பிதழின் சத்தத்தில்கூட யாழ் அமுங்கிவிடும் என்று யாரும் சொல்லாமலே அவர்களுக்குப் புரிந்திருந்தது.

அவள் மீட்டினாள். வாசலில் நின்ற சினேகா கைகாட்ட, வெளியே வண்டி நிறுத்துகிற இடத்திலிருந்து குழல் பதில் சொன்னது. எல்லாத் தலையும் ஒரே சமயத்தில் வாசல் பக்கம் திரும்பியது. அவள் மறுபடி மீட்டியபோது தலைகள் மேடைக்கு வந்தன. மூன்றாவது வரியில் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே போயிற்று. அதையும் தாண்டி அந்த இரண்டு சுரங்கள் வந்து சேர்ந்தன.

முடிந்ததும் முன் வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்தார். "மூணுல எதும்மா சரி?"

"தெரியாதுங்க," என்றாள் அருணாதேவி. மேடையில் நின்று இதைச் சொல்ல வெட்கப்படுவோம் என்று நினைத்திருந்தாள். வெட்கம் வரவில்லை.

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். "அப்போ அந்த மூணாவத இன்னொரு வாட்டி வாசிங்க. சரியா இருக்குமான்னு நாங்களும் பாக்கறோம்."

சபை சிரித்தது. அவள் மறுபடி வாசித்தாள். பலராமன் சுவர் ஓரமாக நின்று, வியர்வையைக்கூடத் துடைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. கட்டை குட்டையாக ஒருவர் நின்றிருந்தார். தோளில் உறை போட்ட மத்தளம்.

"டீச்சர், என் பேரு முருகையன். செழியன் ஜமாவுல மத்தளம் அடிக்கிறவன். நேத்து கடைசி வரிசையில இருந்தேன். நெஞ்சு பொறுக்கல, அதான் வந்துட்டேன். மூணு விதமா வாசிச்சீங்க. மூணுலயும் எனக்கு வேலை இல்லையே! துண்டு முடியற எடத்துல ரெண்டும் மூணுமா வருதுன்னீங்க. எங்களுக்குத் தீர்மானம், முடிச்சு அடிக்கிற எடம் அது. புள்ளின்னா அடி டீச்சர். அடிச்சிக் காட்டட்டுமா?"

சரியாக இருக்க முடியாது என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். எழுத்து இருக்கிற இடத்தில் சுரம் இல்லாமல் வெறும் அடி மட்டும் எப்படி வரும்? ஆனால் இரண்டாவது வரியில் ஒரே எழுத்து மூன்று முறை அடுத்தடுத்து, மூன்றிலும் புள்ளியோடு வருவது ஞாபகம் வந்தது. ஒரே சுரத்தை மூன்று முறை எதற்காக எழுத வேண்டும் என்று அவளும் செழியனும் இன்னும் பேசி முடிக்கவில்லை.

தோள்பையை நாற்காலியில் வைத்துவிட்டு, தலைமையாசிரியைக்குப் போன் செய்து ஒரு மணி நேரம் அனுமதி கேட்டாள்.

"உள்ள வாங்க," என்றாள் முருகையனிடம். "ரெண்டாவது வரியிலேருந்து ஆரம்பிக்கலாம்."